நம் ஊர் நடிகரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

நீடாமங்கலம் கடைத்தெருவில் அவர் நடந்து போகும்போது பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். “அந்த சீரியல்ல பெரியப்பாவா வருவாரே, அவருதான்” என்பார்கள். பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மேடையிலும் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலுமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்த அந்தப் பெரியவரின் வாழ்க்கையை, அவருடைய சம்மதத்தோடு இரண்டு ஆண்டுகள் அலைந்து எழுதி முடித்தேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை, தம் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கும் டெல்டாக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே வரிசைப்படுத்துகிறேன். அவர் தம் பெயரை இந்தக் கட்டுரையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

காவிரிப் பாசனப் பகுதி திரைக்குக் கொடுத்தவர்களில் புகழ்பெற்றவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. 1910இல் மாயவரத்தில் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர், கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்துவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போன எம்.ஜி.ஆர்., 1930இல் நன்னிலம் பக்கத்தில் பிறந்து முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, பின்னர் மேடை நாடகம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் என்ற மூன்று துறைகளிலும் இயங்கிய கே. பாலசந்தர் ஆகியோரின் வாழ்க்கை பல முறை எழுதப்பட்டிருக்கிறது. மன்னார்குடியில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, 1974இல் சிறு வேடத்தில் தொடங்கி, 1979இல் கதாநாயகனாகி, பிறகு குணச்சித்திர வேடங்களுக்கும் சின்னத்திரைக்கும் வந்து, 2025 மே மாதம் மறைந்த ராஜேஷ் குறித்தும் அவர் மறைந்த வாரத்தில் நிறைய எழுதினார்கள். ஆனால் இவர்களோடு ஒரே சட்டகத்தில் நின்ற தபால்காரர், பண்ணையார் வீட்டுக் கணக்கர், பெண்ணின் தகப்பனார், கோயில் குருக்கள் ஆகிய வேடங்களைப் போட்டவர்களின் வாழ்க்கை எங்கும் இல்லை. அவர்களும் அவர்களோடு மேடையேறியவர்களும் உயிரோடு இருக்கும்போதே அதை எழுதியாக வேண்டும். நான் தொடங்கியபோது பேசக் கிடைத்த ஐந்து பேரில் இருவர், எழுதி முடிப்பதற்குள் இறந்துபோனார்கள்.

ஊரிலிருந்து தொடங்குங்கள்

நடிகரின் வாழ்க்கையை எழுதப் புகுபவர்கள் பெரும்பாலும் படங்களின் பட்டியலை முதலில் எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அது தவறு. பட்டியலை மட்டும் பார்த்தால் பெரியவர் முப்பது வயதில் திடீரென்று நடிக்க வந்தவராகத் தெரிகிறார். உண்மையில் அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கோயில் திருவிழா நாடகங்களில் நடித்திருக்கிறார். அவருடைய நடிப்பு முழுவதும் அங்கே பயின்றது என்பது, அந்த ஆட்டக்காரர்களில் எஞ்சியிருந்தவர்களைப் பார்த்துப் பேசிய பிறகே எனக்கு விளங்கியது.

சம்பா அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்து, கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் நம் பக்கத்துக் கிராமங்களில் நாடகம் நடக்கும். அரிச்சந்திரா, வள்ளி திருமணம், பவளக்கொடி ஆகியவை விடிய விடிய நடந்த காலம் அது. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே உங்கள் நடிகர் எந்த வகை மேடையில் இருந்து வந்தார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ராஜபார்ட் என்ற கதாநாயக வேடம் போட்டவரா, ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் போட்டவரா, சிரிக்க வைக்கும் பபூனா என்று கேளுங்கள். பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார், ஆர்மோனியம் வாசித்தது யார், வெளிச்சத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கா மின்விளக்கா, மைக் இருந்ததா இல்லையா என்றும் கேட்க வேண்டும். மைக்கைப் பற்றிய கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். மைக் இல்லாத திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலை வீசிப் பழகியவர், காமிரா முன் நின்றதும் அந்தக் குரலை எப்படி அடக்கினார் என்பதுதான் அவருடைய தொழில் வாழ்க்கையின் நடுமுடிச்சு. பெரியவரிடம் இதைக் கேட்டபோது, முதல் படத்தின் இயக்குநர் அவரிடம் சொன்ன ஒரே அறிவுரை “கத்தாதீங்க” என்பதுதான் என்றார். அதைப் பழக அவருக்கு மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இந்தத் தகவல்களுக்குச் சான்று தேடும்போது நூலகத்துக்குப் போகும் முன்பு ஊரில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, நாடக நோட்டீஸ் அச்சடித்த அச்சகம். பழைய நோட்டீஸின் ஒரு பிரதியைக் கோப்பில் குத்தி வைக்கும் பழக்கம் சில அச்சகங்களில் இருந்தது. அந்தத் தாளில் தமிழ் ஆண்டு, மாதம், நாள், நடிகர்களின் பெயர், வேடம் எல்லாமே இருக்கும். இரண்டாவது, திருவிழாக் கணக்கு நோட்டு. நாட்டாண்மை வீட்டிலோ கோயில் அறையிலோ இருக்கும் அந்த நோட்டில் நாடகச் செலவு தனியாக எழுதப்பட்டிருக்கும். பெரியவருக்கு ஓர் ஆண்டு பதினைந்து ரூபாயும் ஆர்மோனியக்காரருக்கு இருபத்தைந்து ரூபாயும் கொடுத்ததை அப்படி ஒரு நோட்டில்தான் பார்த்தேன். மூன்றாவது, மைக் செட்டுக்காரர். எந்த ஊரில் எந்த இரவு என்ன நடந்தது என்பதை அவரைப் போல நினைவு வைத்திருப்பவர் கிடையாது.

பிறந்த தேதியும் பிறந்த ஊரும்

இதில் எளிதாகத் தவறு நேரும். நம் பெரியவர்களில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதத் தேதி ஒன்று இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியர் போட்டுக்கொண்ட தேதி அது. ஜாதகம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரியவருடைய சான்றிதழ் 1947 ஜூன் 1 என்கிறது. ஜாதகமோ சர்வசித்து வருடம் தை மாதம் என்கிறது. சர்வசித்து 1947 ஏப்ரலில் தொடங்கி 1948 ஏப்ரலில் முடிந்த ஆண்டு. தை அதன் பிற்பகுதியில் வருவதால் அவர் பிறந்தது 1948 ஜனவரி அல்லது பிப்ரவரி. அவசரப்பட்டு சர்வசித்து என்றால் 1947 என்று எழுதிவிடுபவர்களே அதிகம். இரண்டு தேதிகளையும் கொடுத்து, எது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதுவதே நேர்மையான முறை.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. பழைய ஆவணங்களில் டெல்டா முழுவதுமே தஞ்சாவூர் மாவட்டம்தான். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. மாயவரம் மயிலாடுதுறை என்று பெயர் மாறியது 1982இல். ஆகவே 1950களில் ஒருவர் “தஞ்சாவூர் ஜில்லா மாயவரத்தில்” பிறந்ததாக ஆவணம் சொன்னால் அதை அப்படியே கொடுத்து, இன்றைய பெயரை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆவணத்தைத் திருத்தி எழுதினால் பின்னால் தேடி வருபவருக்கு மூலம் கிடைக்காமல் போகும்.

பேச்சைப் பதிவு செய்தல்

நடிகரிடம் பேசப் போகும் நாளை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். நிலம் உள்ளவராக இருந்தால் நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் அவர் மனம் வயலில் இருக்கும். காலைக் காப்பிக்குப் பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், ஒன்றரை மணி நேரம் போதும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, அவருக்கு ஒரு முழ தூரத்தில், மேசை மீது துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள். மேசையின் அதிர்வு பதிவில் ஏறாது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் வியர்க்கும், நிறுத்தாவிட்டால் பேச்சு மூழ்கும் என்பதால் திண்ணை அல்லது கொல்லைப்புறத் தாழ்வாரமே நல்லது. ஒலிபெருக்கி கட்டியிருக்கும் திருவிழா வாரத்தில் போகாதீர்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு செய்வதற்குச் சம்மதம் என்று அவர் சொல்வதும் அதிலேயே இருக்கட்டும்.

முதல் சந்திப்பில் “எத்தனை படங்கள் நடித்தீர்கள்” என்று கேட்பதைத் தவிருங்கள். பேட்டி கொடுத்துப் பழகியவர்கள் அதற்கு ஓர் எண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள். அந்த எண் பிறகு உங்களைக் கட்டிப்போட்டுவிடும். வீட்டை விட்டுச் சென்னைக்குப் புறப்பட்ட இரவைக் கேளுங்கள். எந்த ரயில், யார் வழியனுப்பினார்கள், பெட்டியில் என்ன இருந்தது, முதல் இரவு எங்கே படுத்தார், வாய்ப்பு இல்லாத மாதங்களில் யார் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்தார் கம்பன் எக்ஸ்பிரஸ் என்று சொல்லும்போதே குரல் மாறும். கேள்வி உடம்பையும் பொருளையும் தொட்டால் விடை தானாக வரும். பதினெட்டு மாதங்கள் ஊரிலிருந்து அரிசி மூட்டை அனுப்பிய கதையைப் பெரியவரின் துணைவியார் அறைக்குள் இருந்தபடியே சொன்னார். பெரியவர் அதுவரை அதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவிடம் தனியாக அரை மணி நேரம் பேசினேன். நடிகரின் வாழ்க்கையில் வருமானம் இல்லாத காலத்தின் கணக்கு பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்களிடம்தான் இருக்கிறது.

ஆண்டைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பெரும்பாலும் தவறாக இருக்கும். அது அவர்கள் குற்றமன்று. நம் மக்கள் காலத்தைப் புயலாலும் வெள்ளத்தாலும் திருவிழாவாலும் அளந்தவர்கள். எங்கள் உரையாடல் ஒன்று இப்படிப் போனது.

“ஐயா, அந்த முதல் படம் எந்த வருஷம்?”

“வருஷம் எங்க தம்பி ஞாபகம் இருக்கு? புயலடிச்சு எங்க கூரை போச்சுல்ல, அதுக்கு அடுத்த பொங்கலுக்கு நான் ஊர்ல இல்ல. படப்பிடிப்புல இருந்தேன்.”

நாகப்பட்டினத்தில் கரை கடந்த அந்தப் புயல் 1977 நவம்பர் 12இல் வந்தது. அப்படியானால் அவர் சொல்லும் பொங்கல் 1978. அதுவே அவர் பேசுவது 1952 நவம்பர் இறுதியில் வந்த புயலாக இருக்க முடியாது என்பதை அவருடைய வயது சொல்லிவிடுகிறது. இப்படிப் பயன்படும் நாள்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கும்பகோணம் மகாமகம் நடந்த 1956, 1968, 1980, 1992, 2004, 2016, அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3, இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31, எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24. தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995 ஜனவரி. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26. கஜா புயலின் 2018 நவம்பர் 16. “அந்த மகாமகத்துக்குப் போனபோது ஆட்கள் உங்களை அடையாளம் கண்டார்களா?” என்று கேட்டால், புகழ் எந்த ஆண்டில் வந்தது என்பதற்கே விடை கிடைத்துவிடும். மேட்டூர் அணை திறந்த நாளை மட்டும் நம்ப வேண்டாம். ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்றாலும் ஆண்டுக்காண்டு அது தள்ளிப்போயிருக்கிறது.

படங்களின் பட்டியலைச் சரிபார்த்தல்

ஊர்க்காரர்கள் “அந்தப் படம் நம்ம கொட்டகைக்கு வந்த வருஷம்” என்று சொல்வது வெளியான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. நகரத்தில் ஓடி முடிந்த படப்பெட்டி டூரிங் கொட்டகைக்கு வந்து சேரப் பல மாதங்கள், சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். அதே போல, படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதி தணிக்கை முடிந்த தேதி. படம் வெளியானது அதற்குப் பிறகு. வெளியான நாளை உறுதி செய்ய அந்த வாரத்து நாளிதழ் விளம்பரமே சிறந்த சான்று. சென்னை கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைப் பார்க்கலாம். பின்னதில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. படம் பார்க்க வந்தவர்கள் சில காசுகள் கொடுத்து வாங்கிய அந்தச் சிறு புத்தகங்களில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்ற வரி எல்லாம் இருக்கும். பெரிய நடிகர்களின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் பெயர்கள்தான் நமக்கு வேண்டியவை. ஆண்டு வாரியான படப்பட்டியலுக்குப் பிலிம் நியூஸ் ஆனந்தன் 2004இல் வெளியிட்ட பெருந்தொகுப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இணையப் பட்டியல்களைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் பெயரில் அங்கே இருந்த இருபத்தொரு படங்களில் நான்கு, அதே பெயர் கொண்ட வேறொரு நடிகருடையவை. அவற்றில் ஒன்றை நான் சரிபார்க்காமல் முதல் வரைவில் எழுதிவிட்டேன். படித்துக் காட்டியபோது பெரியவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, “அப்பா அதுல நடிக்கலன்னு உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறாங்க” என்றார். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: படத்தை ஓட்டிப் பார்த்து முகத்தைக் கண்ணால் கண்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்த பிறகே பட்டியலில் சேர்ப்பது. பெயர் மாற்றங்களையும் தேடுங்கள். மேடையில் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர் திரையில் அதை விட்டிருப்பார். எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியிருப்பார். டைட்டில் கார்டு எழுதியவர் இனிஷியலை மாற்றியிருப்பார். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் கிடைத்தால் வியப்பில்லை.

முகம் இருந்தால் குரலும் அவருடையதுதான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. படப்பிடிப்பு முடிந்து டப்பிங் நடந்தபோது ஊரில் இருந்தவருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருக்கலாம். நம்மவரே பிறருக்குக் குரல் கொடுத்திருக்கவும் கூடும். அது டைட்டிலில் பெரும்பாலும் வராது. தஞ்சாவூர்ப் பேச்சு வேண்டும் என்று தம்மை அழைத்து ஆறு படங்களில் பேச வைத்ததாகப் பெரியவர் சொன்னார். காது கொடுத்துக் கேட்டு நான்கை உறுதி செய்தேன். மீதி இரண்டை “அவர் சொன்னபடி” என்று குறித்திருக்கிறேன்.

தொலைக்காட்சிப் பகுதி

திரைப்படத்துக்காவது விளம்பரமும் பாட்டுப் புத்தகமும் உண்டு. தொலைக்காட்சி நடிப்புக்குச் சான்று தேடுவது கடினம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சபா நாடகக் குழுக்களில் இருந்த பலர் அதன் ஒரு மணி நேர நாடகங்களில் நடித்தார்கள். டெல்டா கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஆகவே நம் நடிகரின் தொடக்ககாலத் தொலைக்காட்சி நாடகங்களை அவருடைய சொந்த ஊர் பார்த்ததே இல்லை. பஞ்சாயத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் ஊரே உட்கார்ந்த காலத்தில்தான் முதன்முதலாகத் தம் மகனைத் திரையில் பார்த்ததாகப் பெரியவரின் தாயார் சொல்லியிருக்கிறார். ஊர் நினைவை மட்டும் நம்பினால் இந்தப் பத்தாண்டுகள் விடுபட்டுப் போகும். அக்கால வீடியோ நாடாக்களில் பலவற்றை அழித்து மறுபடியும் பயன்படுத்திவிட்டார்கள் என்பதால் காட்சியைத் தேடி ஏமாற வேண்டாம். நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரல், ஒப்பந்தக் கடிதம், காசோலையுடன் வந்த சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். பெரியவர் இவற்றையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வீட்டை வெள்ளையடித்தபோது எறியாமல் காத்தவர் அவருடைய துணைவியார்.

சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வந்தது. 1990களின் இறுதியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் பெருகின. அவற்றில் நடித்ததை “இன்ன தொடரில் நடித்தார்” என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. எந்த எபிசோடில் வந்தார், எதில் போனார், ஏன் போனார் என்று பாருங்கள். கால்ஷீட் ஒத்துவராமல் பாத்திரத்தைக் கொன்று, சுவரில் படம் மாட்டி மாலை போட்டிருப்பார்கள். அல்லது “இனி இவருக்குப் பதில் இவர்” என்று எழுத்துப் போட்டு வேறொருவரைக் கொண்டு வந்திருப்பார்கள். பெரியவருக்கு இரண்டும் நடந்திருக்கின்றன. தம் படத்துக்கு மாலை போட்ட காட்சியை அவரே உட்கார்ந்து பார்த்தபோது பக்கத்தில் இருந்த பேத்தி அழுததாகவும், மறுநாள் கடைத்தெருவில் இரண்டு பேர் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டதாகவும் சொன்னார். இந்தச் செய்தி தொடரின் பெயரைவிட அவருடைய வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உறுதியான வேலையும் நாள் சம்பளமும் நெடுந்தொடரால்தான் அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்தன. திரைப்பட நடிப்பை உயர்வாகவும் தொடர் நடிப்பைத் தாழ்வாகவும் வைத்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரியவரின் மகளுக்குத் திருமணம் செய்து வைத்தது தொடர்களில் சம்பாதித்த பணம்.

சம்பளமும் மனக்குறைகளும்

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் கடைசிச் சந்திப்புகளில் கேளுங்கள். முதல் சம்பளம், பேட்டா, வாராத பாக்கி, திரும்பிய காசோலை எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். வராத சம்பளத்தைப் பற்றி எழுதும்போது கையில் ஆவணம் இல்லாவிட்டால் நிறுவனத்தின் பெயரைப் போடாதீர்கள். பெரியவருக்கு ஒரு படத்தில் முப்பத்திரண்டு நாள் சம்பளம் வரவே இல்லை. “ஒரு தயாரிப்பு நிறுவனம்” என்று மட்டும் எழுதினேன். அவரும் அதையே விரும்பினார். சங்கத்தில் சேர்ந்த அட்டை இருந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் தொடங்கப்பட்டது; உறுப்பினர் ஆவது ஒரு துணை நடிகரின் வாழ்க்கையில் பெரிய நாள். நோய், குடும்பச் சண்டை, குடிப்பழக்கம் ஆகியவற்றில் எது நூலில் வரலாம் என்பதை அவரும் வீட்டாரும் முடிவு செய்யட்டும்.

புகைப்படங்கள்

டெல்டாவின் ஈரக்காற்று படத்துக்குப் பகை. பசைப் பக்கம் கொண்ட ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்க முயன்றால் கிழிந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ அளவில் எடுத்தால் பின்னால் அச்சுக்கும் போதும். லேமினேட் செய்யாதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கே இருக்கும். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லி அதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். கூட்டத்தில் நிற்கும் நட்சத்திரத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் குடை பிடித்து நிற்பவரின் பெயரைச் சொல்ல இன்று ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருப்பார். ஸ்கேன் செய்த கோப்புகளை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்று டெல்டாவுக்கு வெளியே இருக்கட்டும். கஜா புயலில் வீட்டோடு ஆல்பத்தை இழந்த நாடகக் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

எழுதுவதும் படித்துக் காட்டுவதும்

எழுதும்போது ஆண்டு வரிசையில் போவதே நல்லது. ஆனால் எல்லா ஆண்டுக்கும் ஒரே இடம் கொடுக்க வேண்டியதில்லை. வேலையில்லாமல் கோடம்பாக்கத்தில் அலைந்த இரண்டு ஆண்டுகளுக்கு நான் பதினெட்டுப் பக்கங்கள் கொடுத்தேன்; வரிசையாகப் படம் வந்த ஆறு ஆண்டுகள் ஏழு பக்கத்தில் முடிந்தன. “நடிப்புலகின் ஜாம்பவான்” போன்ற பட்டங்களைத் தவிருங்கள். அவர் ஒரு காட்சியில் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். மகளின் கடிதத்தைப் படிக்கும் காட்சியில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிப்பார். அது இயக்குநர் சொன்னதா, அவரே செய்ததா என்று கேட்டேன். அவருடைய தகப்பனார் பட்டாவைப் படிக்கும் விதம் அது என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான்கு முறை போயிருக்கிறேன்.

வரைவு முடிந்ததும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடாமல், உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கண் மங்கியவர்களுக்கு அது வசதி என்பது ஒரு காரணம். காதால் கேட்கும்போதுதான் தவறு அவர்களுக்குப் பிடிபடும் என்பது மற்றொன்று. திருத்தங்களை வேறு நிற மையில் குறித்து, எந்த நாளில் யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். முடிந்த பிரதிகளில் ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு என்று கொடுக்க முயலுங்கள். ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கொடுப்பதற்கு முன் பேசியவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவருக்குப் படித்துக் காட்ட ஐந்து காலைகள் ஆயின. கடைசிப் பக்கம் முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆர்மோனியக்காரர் வரும் இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். பெயர் சரி, இனிஷியல் தவறு என்றார். அதைத் திருத்திக்கொண்டு, அன்று பிற்பகல் மன்னார்குடிக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தேன்.